பொன்னியின் செல்வன், மெய்யழகன் பாத்துட்டு டெல்டா பக்கம் வர்றீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி இத படிங்க

நீங்க கேட்டது இதுதான். கோயம்புத்தூர்லேந்து குடும்பத்தோட வர்றீங்க, கையில மூணு நாள் லீவு, பொண்ணு பொன்னியின் செல்வன் ரெண்டு பாகமும் பாத்துட்டு குந்தவை பைத்தியமா இருக்கு, நீங்க மெய்யழகன் பாத்துட்டு நீடாமங்கலம் போயே ஆகணும்னு இருக்கீங்க, படத்துல வந்த இடமெல்லாம் எங்க இருக்கு, எந்த வரிசையில பாக்கலாம். நான் கும்பகோணத்துல வண்டி விடுற ஆளு சார், டூரிஸ்ட்டுக்கும் விடுவேன், ஷூட்டிங் யூனிட்டுக்கும் விட்ருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் பாத்துட்டுதான் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்குங்க.

மொதல்ல மனச கொஞ்சம் தேத்திக்குங்க. பொன்னியின் செல்வன்ல நீங்க பாத்த தஞ்சாவூர் கோட்டை, பழையாறை அரண்மனை, எதுவும் இந்தப் பக்கம் எடுத்தது இல்ல. தாய்லாந்துல எடுத்தாங்க, ஹைதராபாத்துல செட்டு போட்டாங்க, மத்தியப் பிரதேசத்துல ஓர்ச்சா, குவாலியர்னு போய் அங்க உள்ள அரண்மனையில எடுத்தாங்க. அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது, ஏன்னா நம்மகிட்ட சோழன் கட்டுன அரண்மனைன்னு ஒண்ணுகூட நிக்கல, கோயிலுக்குத்தான் கல்லு, அவன் குடியிருந்ததெல்லாம் செங்கலும் மரமும், எல்லாம் மண்ணோட போச்சு. பழையாறைக்கு போனீங்கன்னா பட்டீஸ்வரம் பக்கத்துல வயலும் வாழைத்தோப்பும் நடுவுல ஒண்ணு ரெண்டு கோயிலும்தான். குந்தவை நடந்த மாடம் எங்கன்னு உங்க பொண்ணு கேட்டா வாழைத்தோப்பதான் கைகாட்டணும்.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்கு தோணுறதே இல்ல. படம் 2022 செப்டம்பர் கடைசியில வந்துச்சு, அன்னிலேந்து வண்டி வண்டியா பெரிய கோயிலுக்கு வர்றாங்க, வந்து நின்னு படத்துல இத காட்டவே இல்லையேன்னு கேக்குறாங்க. எப்படிங்க காட்டுவான்? கதை நடக்குறது ராஜராஜன் பட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, அவன் பட்டம் ஏறுனதே 985ல, பெரிய கோயில் வேலை முடிஞ்சது 1010. கங்கைகொண்ட சோழபுரம் அவன் மகன் கட்டுனது, தாராசுரம் அதுக்கும் நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி. ஆக யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கற மூணு சோழர் கோயிலும் வந்தியத்தேவன் குதிரைல வந்த காலத்துல கிடையவே கிடையாது. பாக்க வேணாம்னு சொல்லல, தாராசுரத்த பாக்காம போனா நானே திட்டுவேன், ஆனா படத்துக்காக பாக்குறோம்னு நினைச்சுக்காதீங்க. அப்புறம் பெரிய கோயில்ல விமான நிழல் தரையில விழாதுன்னு ஒருத்தர் வந்து சொல்லுவார், வெயில் சாயுற நேரம் வரைக்கும் அங்கயே உக்காந்திருங்க, நல்லா நீளமா விழும்.

அப்ப அந்தக் காலத்துல நிஜமா இருந்தது எது? அங்கதான் விஷயமே இருக்கு. தஞ்சாவூர்லேந்து கும்பகோணம் வர்ற ரோட்டுல அய்யம்பேட்டைக்கு முன்னாடி பசுபதிகோவில், அதுல உள்ள தள்ளி புள்ளமங்கை. முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில், அதாவது சுந்தர சோழனுக்கு தாத்தா. சின்ன கோயில், பஸ்ஸுல போறவன் திரும்பிகூட பாக்க மாட்டான். கருவறைய சுத்தி அடிப்பாகத்துல குட்டி குட்டியா கட்டம் கட்டி செதுக்கியிருக்கான், ஒவ்வொண்ணும் ஒரு சாண்கூட இருக்காது, அதுக்குள்ள ராமாயணம் ஓடுது. சுத்தி குந்திக்கிட்டுதான் பாக்கணும், நிமிந்து பாத்தா தெரியாது. உங்க பொண்ண விட்டு ராமன் எங்க அனுமான் எங்கன்னு தேடச் சொல்லுங்க, ஒரு மணி நேரம் போறதே தெரியாது. வடக்குப் பக்கம் துர்க்கை நிக்கிற நிலைய நான் சொல்லி புரியாது, போய் பாருங்க. பன்னெண்டு மணிக்கு நடை சாத்திருவாங்க, காலைல போங்க, குருக்கள் வீடு பக்கத்துலதான், கதவு பூட்டியிருந்தா பதவிசா கேட்டா வந்து தொறப்பாங்க.

அதே மாதிரி கும்பகோணம் டவுனுக்குள்ளயே நாகேஸ்வரன் கோயில், இது முதலாம் ஆதித்த சோழன் காலம், அதாவது பராந்தகனோட அப்பா, இன்னும் பழசு. கருவறைச் சுவத்துல ஆளுயரத்துக்கு பக்கமா ஆணும் பெண்ணுமா நிக்கிறாங்க, சாமி சிலை இல்ல, மனுஷ முகம், அந்தக் காலத்து ஆளுங்க எப்படி கொண்டை போட்டாங்க எப்படி துணி கட்டுனாங்கன்னு கண்ணுக்கு நேர தெரியும். குந்தவை எப்படி இருந்திருப்பான்னு உங்க பொண்ணு கேட்டா இந்தச் சுவத்த காட்டுங்க, படத்துல வந்த நகைய விட இது பக்கத்துல வரும்னு நான் சொல்லுவேன். செம்பியன் மாதேவிய புடிச்சிருந்தா காரைக்கால் ரோட்டுல எஸ்.புதூர்ல திரும்பி கோனேரிராஜபுரம், அந்தம்மா புருஷன் கண்டராதித்தர் பேர்ல கட்டுன கோயில், அவரு லிங்கத்த கும்புடுற மாதிரி சிற்பம் வச்சு கீழ கல்வெட்டும் போட்டு வச்சிருக்காங்க. உள்ள நடராஜர் இருக்கார் பாருங்க, அவ்ளோ பெரிய பஞ்சலோக நடராஜர நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

ஆனா பொன்னியின் செல்வனுக்காக ஒரே ஒரு இடம்தான் போக முடியும்னா நான் கொள்ளிடத்த தாண்டி காட்டுமன்னார்கோயிலுக்குதான் அனுப்புவேன். அங்க உடையார்குடியில அனந்தீஸ்வரர் கோயில். இந்தக் கோயில் சுவத்துல ஒரு கல்வெட்டு, ராஜராஜன் பட்டத்துக்கு வந்த ரெண்டாவது வருஷம் போட்ட உத்தரவு. பாண்டியன் தலைய கொண்ட கரிகால சோழன, அதாவது படத்துல வர்ற ஆதித்த கரிகாலன, கொன்ன துரோகிகள், அவங்க சொந்தக்காரங்க, இவங்க சொத்தையெல்லாம் பறிமுதல் பண்ணிக்கங்கன்னு இருக்கு. பேரும் இருக்கு: சோமன், அவன் தம்பி ரவிதாசன், பரமேஸ்வரன். படத்துல கிஷோர் பண்ணாரே, அதே ரவிதாசன். அந்தப் பேரோட ஒட்டியிருக்கற பட்டம் பஞ்சவன் பிரமாதிராஜன், அதாவது அரசாங்க உத்தியோகத்துல இருந்த பெரிய ஆளு, காட்டுல ஒளிஞ்சு திரியிற கூட்டம் கிடையாது. இத வச்சு நீங்களும் பொண்ணும் ஒரு ராத்திரி பூரா சண்டை போடலாம், எங்க வண்டியில வர்றவங்க அப்படித்தான் போட்டுட்டு வருவாங்க. கல்வெட்ட நேரா போய் படிச்சிர முடியாது, எழுத்து அந்தக் காலத்து எழுத்து, முன்னாடியே போட்டோவும் அதோட வாசகமும் எடுத்து வச்சுக்கிட்டு போங்க, போய் ரவிதாசன்ங்கற எழுத்த மட்டும் தேடி கண்டுபுடிச்சா போதும், அந்த சந்தோஷம் வேற எங்கயும் கிடைக்காது.

அங்கேருந்து கொஞ்ச தூரம்தான் மேலக்கடம்பூர். கடம்பூர் சம்புவரையர் மாளிகைன்னு தேடாதீங்க, கிடையாது. ஆனா தேர் மாதிரி சக்கரம் வச்சு கட்டுன அமிர்தகடேஸ்வரர் கோயில் இருக்கு, குலோத்துங்கன் காலம், அதுக்காகவே போலாம். சாயங்காலம் வீராணம் கரை. கல்கி கதைய ஆரம்பிச்சதே இங்கதான், ஆடிப்பெருக்கு அன்னிக்கு. ஏரிக்கரை மேலயே ரோடு போகுது, ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் கீழ பள்ளத்துல வயல். ஆனா ஒண்ணு, இதுக்கு தண்ணி கீழணையிலேந்து வடவாறு வழியா வரணும், கோடையில போனா ஏரி பாதி காஞ்சு கிடக்கும், மெட்ராஸுக்கு குடிதண்ணி வேற இதுலேந்துதான் போகுது. பொன்னி நதி பாட்ட போட்டுக்கிட்டு காஞ்ச ஏரிய பாக்க வந்தவங்க மூஞ்சிய நான் கண்ணாடியில பாத்திருக்கேன்.

உடையாளூர்ல ராஜராஜன் சமாதின்னு ஒரு கொட்டகைல சாஞ்ச லிங்கத்த காட்டுவாங்க. அது சமாதிதான்னு இதுவரைக்கும் நிரூபணம் ஆகல, கோர்ட்டு வரைக்கும் போன விஷயம். கும்புட்டுட்டு வாங்க, தப்பில்ல, யாராச்சும் இதுதான்னு அடிச்சு சொன்னா தலையாட்டிட்டு வந்துருங்க.

கோடியக்கரைய மூணு நாள்ல அடைக்க பாக்காதீங்க. பூங்குழலி படகு ஓட்டுன கடல் படத்துல வேற கடல், நிஜ கோடியக்கரையில பாக்க வேண்டியது வெளிமான், உப்பங்கழியில வர்ற பூநாரை, காட்டுக்குள்ள சுத்துற குதிரை, அதுவும் நவம்பர்லேந்து ஜனவரி வரைக்கும் போனாத்தான் பறவை இருக்கும். சோழர் காலத்து வெளிச்ச வீடுன்னு ஒரு இடிஞ்ச கட்டடம் முன்னாடி இருந்துச்சு, 2004 சுனாமியோட அதுவும் போச்சு. குழகர் கோயில் இருக்கு. தனியா ஒரு தடவை வாங்க.

இப்ப மெய்யழகன். இது முழுக்க வேற கணக்கு, ரெண்டுலயும் அதே கார்த்திதான்னாலும். பொன்னியின் செல்வன்ல ஊர் பேரு நம்மளது, காட்டுனது வேற ஊரு. மெய்யழகன்ல காட்டுனது நம்ம ஊர்தான், ஆனா டிக்கெட் கிழிச்சு உள்ள விடுற மாதிரி அதுல ஒரு இடமும் இல்ல. வித்துட்டுப் போன வீடு, கல்யாண மண்டபம், டவுன் பஸ்சு, ஆத்தங்கரை, விடிய விடிய பேச்சு, அவ்ளோதான் படம். எடுத்த பிரேம்குமார் தஞ்சாவூர் பக்கம் வளந்தவரு, இதுக்கு முன்னாடி 96லயும் ராமும் ஜானுவும் தஞ்சாவூர் ஸ்கூல் பசங்கதான். அதனால லொகேஷன் தேடி அலைஞ்சீங்கன்னா ஏமாந்துருவீங்க, எல்லாத் தெருவும் அந்தத் தெரு மாதிரியேதான் இருக்கும். அந்த வீடு எதுன்னு தேடி யார் வீட்டு திண்ணையிலயோ ஏறி போட்டோ எடுக்குற ஆளுங்களும் உண்டு, உள்ள ஒரு பாட்டி சாப்ட்டுட்டு கண்ணசந்து கிடக்கும், வேண்டாங்க, கேட்டுட்டு எடுங்க. கேட்டா பெரும்பாலும் உக்காருங்க காப்பி சாப்டுங்கன்னுதான் சொல்லுவாங்க.

நீடாமங்கலத்துக்கு கார்ல போகாதீங்க. வண்டி விடுறவனே இத சொல்றேன். தஞ்சாவூர்ல திருவாரூர் போற பாசஞ்சர்ல ஏறுங்க, சாலியமங்கலம், அம்மாபேட்டை, கோயில்வெண்ணி, அடுத்து நீடாமங்கலம். ஜன்னலோரம் உக்காந்தா ரெண்டு பக்கமும் வயல், வாய்க்கா, மதகு, படத்த விட இது நல்லாருக்கும். கார்ல போனா நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல மாட்டுவீங்க, மன்னார்குடி பக்கம் பிரியுற ஜங்ஷன் அது, இஞ்சின் மாத்துறான், கூட்ஸு போறான், கேட்ட போட்டான்னா எப்ப தொறப்பான்னு அவனுக்கே தெரியாது. இந்த ஊர்க்காரன் பாதிப் பேரு அந்தக் கேட்டுலதான் வளந்தான். ஊருக்குள்ள சந்தானராமர் கோயில் இருக்கு, மராட்டிய ராஜா பிரதாப சிங் காலத்துது, சாயங்காலம் கூட்டமில்லாம நல்லாருக்கும்.

வழியில கோயில்வெண்ணியில கட்டாயம் இறங்குங்க. படத்துல கார்த்தி விடிய விடிய சோழர் கதை, ஊர்க்கதைன்னு பேசுறார்ல, அதுல நீளமா இருக்குன்னு சொல்லி ரிலீஸுக்கு அப்புறம் கிட்டத்தட்ட 18 நிமிஷத்த வெட்டுனாங்க, எனக்கு அது பிடிக்கல, அந்தப் பேச்சுதான் படமே. அந்தக் கதையெல்லாம் கிடந்து உருள்ற மண்ணு இது, வெண்ணிப் போர் நடந்த இடம், கரிகாலன் (ஆதித்த கரிகாலன் இல்ல, இது சங்க காலத்துக் கரிகாலன்) சின்ன வயசுல சேரனையும் பாண்டியனையும் பதினோரு வேளிரையும் ஒண்ணா தோக்கடிச்ச இடம். இப்ப போனா நெல்லு வயல்தான், ஒரு போர்டு கூட உருப்படியா இருக்காது. ஆனா இந்த ஊர்ல ஒரு அம்மா இருந்துச்சு, குயவர் வீட்டு அம்மா, வெண்ணிக் குயத்தியார், புறநானூறு 66வது பாட்டு அவங்களுது. ஜெயிச்ச ராஜா முன்னாடி நின்னு என்ன சொல்லுது பாருங்க: நீ ஜெயிச்ச சரி, ஆனா முதுகுல காயம் பட்டுச்சேன்னு வெக்கப்பட்டு வடக்க பாத்து உக்காந்து பட்டினி கிடந்து உசுர விட்டானே சேரன், அவன் உன்ன விட நல்லவன் இல்லையான்னு கேக்குது. பானை வனைஞ்ச அம்மா ராஜாவ கேட்ட கேள்வி. அந்தப் பாட்ட போன்ல எடுத்து வச்சுக்கங்க, வயக்காட்டு ஓரமா நின்னு பொண்ண விட்டு சத்தமா படிக்கச் சொல்லுங்க, மெய்யழகன் பாத்து நீங்க அழுதது எதுக்குன்னு அதுக்கும் லேசா புரியும். ஊர்ல கரும்பேஸ்வரர் கோயில் இருக்கு, சாமியே கரும்புக்கட்டு மாதிரி இருப்பார், சக்கரை வியாதிக்காரங்க ரவையும் சீனியும் கலந்து பிரகாரத்துல போடுவாங்க, எறும்பு வந்து தூக்கிட்டுப் போகும். உங்களுக்கு சுகர் இருந்தா அதையும் முடிச்சுட்டு வாங்க, மாத்திரைய மட்டும் நிப்பாட்டிராதீங்க.

உங்க அப்பா அம்மாவும் கூட வந்தாங்கன்னா அவங்களுக்கு தில்லானா மோகனாம்பாள். 1968ல வந்த படம், சிக்கல் சண்முகசுந்தரம், திருவாரூர் மோகனாம்பாள், ரெண்டு ஊரும் இங்கதான் இருக்கு. சிக்கல் நாகப்பட்டினத்துக்கு முன்னாடி, சிங்காரவேலர் கோயில், கந்த சஷ்டில வேல் வாங்குற அன்னிக்கு முருகன் முகத்துல வியர்வை துளிர்க்கும்னு கூட்டம் அலைமோதும். ஆனா நான் அவங்கள நரசிங்கம்பேட்டைக்கு கூட்டிட்டு போவேன், கும்பகோணம் மயிலாடுதுறை ரோட்டுலயே ஆடுதுறைக்கு பக்கத்துல. நாதஸ்வரம் அங்கதான் கடையிறாங்க, 2022ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. ஆச்சா மரம், அதுவும் பச்சை மரம் ஆகாது, பழைய வீட்ட இடிக்கிறப்ப வர்ற உத்தரத்தையும் தூணையும் வாங்கிட்டு வந்து வச்சிருப்பாங்க, எழுபது எண்பது வருஷம் காஞ்ச மரம். அத கடைசல்ல மாட்டி உலவு, அதாவது குழல், கடைஞ்சு, உள்ள நீளமான கம்பியால துளை போட்டு, ஏழு ஓட்டை அளவு பாத்து போட்டு, கீழ அணசு, அதாவது அந்த விரிஞ்ச வாய், மாட்டுவாங்க. ஓட்டை ஒரு நூல் தள்ளிப் போனா ஸ்வரம் போச்சு, அந்த மரமும் போச்சு. பட்டறைல மரத்தூள் வாசனை ஒரு மாதிரி இருக்கும், வாயில வச்சு ஊதுற சீவாளிய தட்டுல ஊற வச்சிருப்பாங்க, வாசிச்சுக் காட்டச் சொன்னா அந்தச் சின்ன ரூம்ல காது கிழிஞ்சிரும், வெளிய வந்து நின்னு கேளுங்க. நாதஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையோட திருவாவடுதுறையும் பக்கத்துலதான். படத்துல வாசிச்சது மதுரை சேதுராமன் பொன்னுசாமி பிரதர்ஸ், சிவாஜி விரல் மட்டும்தான் அவருது, அந்த விரலுக்கே நம்ம தாத்தாங்க இன்னமும் சத்தியம் பண்ணுவாங்க, நிஜமாவே வாசிச்சாருன்னு.

பிச்சாவரம் எம்.ஜி.ஆர். இதயக்கனி எடுத்த இடம், 1975, துப்பறிவாளன் கிளைமாக்ஸும் அங்கதான். படத்துல காட்டுன அதே இடத்த அதே மாதிரி பாக்கணும்னா டெல்டாவுல இது ஒண்ணுதான் உருப்படி. மோட்டார் போட் எடுக்காதீங்க, அது அகலமான கழியிலதான் போகும், துடுப்பு படகு எடுத்தா சுரபுன்னை வேர் தலைல இடிக்கிற சந்துக்குள்ள போலாம். காலைல சீக்கிரம் போங்க, மத்தியானம் வெயில் மண்டைய பொளக்கும்.

களவாணி பாத்தீங்களா, 2010, விமல் ஓவியா? பச்சை வயலு, மோட்டார் ரூமு, வாய்க்கா. டெல்டாவ உள்ளது உள்ளபடி காட்டுனது அதுதான்னு நான் அடிச்சு சொல்லுவேன். அதுக்கு டூரே வேணாம், ஒரத்தநாடு மன்னார்குடி பக்கம் எந்த டவுன் பஸ்ல ஏறுனாலும் அதான் படம்.

எப்ப வர்றதுன்னு நீங்க கேக்கல, ஆனா அதுதான் முக்கியம். மேட்டூர்ல தண்ணி இருந்தா ஜூன் 12 தொறப்பாங்க, அது கல்லணை வந்து பிரிஞ்சு வாய்க்கா வாய்க்காவா பாய ஜூன் கடைசி ஜூலை ஆயிரும். படத்துல பாத்த அந்த பச்சை வேணும்னா நவம்பர் டிசம்பர், சம்பா நிக்கும், ஆனா மழை போட்டு தாக்கும், புயல் வந்தா ரூம்லயே உக்கார வேண்டியதுதான். எனக்கு கேட்டா பொங்கலுக்கு முன்னாடி ஒரு பத்து நாள், கதிரு பழுத்து தலை சாஞ்சு நிக்கும், வெயிலும் இதமா இருக்கும். மாசி பங்குனில உளுந்து பயறு போட்ருப்பாங்க, தரையோட பச்சையா இருக்கும், அதுவும் அழகுதான். மே மாசம் ஸ்கூல் லீவுன்னு வந்தீங்கன்னா காவேரில மணலும் பசங்க கிரிக்கெட்டும்தான். எப்ப வந்தாலும் வயல்ல இறங்குறப்ப வரப்பு மேலயே நடங்க. ஷூட்டிங் யூனிட் ஒண்ணு ஒருத்தர் நாத்தங்கால்ல டிராலி தண்டவாளம் போட்டத நான் பாத்திருக்கேன், காசு குடுத்தாங்க, ஆனா அந்த மனுஷன் நடவுக்கு நாத்து தேடி ஊர் ஊரா அலைஞ்சாரு. கூட்டம் கூடுனா என்ன ஆகும்னு தெரியணும்னா தாய்லாந்துல மாயா பே பாருங்க, ஒரு ஹாலிவுட் படத்தால உலகமே வந்து குவிஞ்சு பவளப்பாறையெல்லாம் போய் 2018ல மூடுனவன் 2022லதான் தொறந்தான். கொடைக்கானல்ல குணா குகை, மஞ்சும்மல் பாய்ஸ் வந்தப்புறம் எவ்ளோ கூட்டம்னு நீங்களே பாத்திருப்பீங்க, அந்தப் படத்துக்கு குகைய செட்டு போட்டுதான் எடுத்தாங்க, அங்க போனவங்க கம்பி வேலிய பாத்துட்டு வந்தாங்க.

உங்க மூணு நாளுக்கு நான் சொல்றது இது. மொத நாள் தஞ்சாவூர்ல இறங்கி காலைல நேரா புள்ளமங்கை, அப்புறம் கும்பகோணம் வந்து ரூம் போட்டு சாயங்காலம் நாகேஸ்வரன் கோயில், ராத்திரி இட்லிக்கு கடப்பா (உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்ட குருமா மாதிரி) இருக்கான்னு கேளுங்க, எல்லாக் கடையிலயும் எல்லா நாளும் போட மாட்டாங்க. ரெண்டாம் நாள் விடியகாலை கிளம்பி அணைக்கரை வழியா காட்டுமன்னார்கோயில், மேலக்கடம்பூர், வீராணம், திரும்பி வர்றப்ப கங்கைகொண்ட சோழபுரம், அன்னிக்கு மட்டும் கார் வேணும். மூணாம் நாள் தஞ்சாவூர் போய் பாசஞ்சர் புடிச்சு கோயில்வெண்ணி, நீடாமங்கலம். அன்னிக்கே ஊருக்கு திரும்பணும்னா மயிலாடுதுறை கோயம்புத்தூர் ஜனசதாப்தி மத்தியானத்துக்கு மேல தஞ்சாவூர் வழியா போகும், செவ்வாய்க்கிழமை கிடையாது, நீடாமங்கலத்துலேந்து திரும்பி வர்ற வண்டி நேரத்த மொதல்ல பாத்து வச்சுக்கிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க.